இறக்கின ஸ்விஃப்டுக்கு கேம்பர் போல்ட்: 15,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு

சூலூரில் ஒரு பஞ்சர் கடை. பின் சக்கரத்தில் ஏறியிருந்த ஆணியை எடுக்கத்தான் வண்டியை நிறுத்தினேன். பஞ்சர் போட்டு முடித்த பையன் போகிற போக்கில் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, உள்பக்கம் பாத்தீங்களா? நூல் தெரியுது" என்றான்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது மாதிரிதான் இருந்தது. உள் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் பட்டனே இல்லை. வழித்தெடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்கும் உள்ளே ரப்பர் போய் நூல் எட்டிப் பார்த்தது. டயர் மாட்டி 9,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அந்த டயரோடு அன்று காலையில்தான் பல்லடம் ரோட்டில் 90-ல் வந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பையன் குனிந்து பார்க்காமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2013 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும்போதே பாடியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் நான்கு பக்கமும் போட்டிருந்தது. 14 இன்ச் சக்கரத்தை எடுத்துவிட்டு 15 இன்ச் அலாயில் 185/65 டயர். எனக்கு அந்த நிலை பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. வளைவில் பாடி சாயாமல் போவது ஒரு சுகம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் வழியாகப் போக வர ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர். சனிக்கிழமையும் வேலை உண்டு. டயர் தேய்வதைச் சும்மா விட்டால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும்.

நான் வாங்கிப் போட்ட பொருள் கேம்பர் போல்ட். பலர் இதை எக்சென்ட்ரிக் போல்ட் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஆனால் போல்ட்டுக்குப் போகும் முன் எனக்கு நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டயரைத் தின்றது எது என்று நான் நினைத்தது ஒன்று, உண்மையில் தின்றது வேறொன்று.

வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் நேராக நிற்கிறதா, அதன் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பதுதான் கேம்பர். தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். ஸ்விஃப்டின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். வண்டியை இறக்கினால் கீழே இருக்கும் ஆர்ம் சாய்வு குறைந்து படுக்கைவாக்கில் வரும், அப்போது அதன் நுனியில் சக்கரத்தின் அடியைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட்டை வெளியே தள்ளும். மேலே ஸ்ட்ரட் மௌண்ட் பாடியோடு இருப்பதால் அது அசையாது. கால் வெளியே போய் தலை அங்கேயே நின்றால் சக்கரம் உள்ளே சாயத்தானே செய்யும். பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு சக்கரமும் ஒரே தண்டில். அதை இறக்கினாலும் கேம்பர் மாறாது. என் பின் டயர்கள் சமமாகத் தேய்ந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் வீட்டிலேயே அளந்து பார்த்தேன். சித்தப்பா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வாங்கி வந்தேன். போர்டிகோ தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது, அந்தப் பக்க டயருக்குக் கீழே அட்டையை மடித்து வைத்துச் சரிசெய்தேன். ஃபெண்டரில் ஒரு ஐஸ் குச்சியை டேப் போட்டு வெளியே நீட்டி ஒட்டி, அதிலிருந்து குண்டைத் தொங்கவிட்டேன். குண்டு ஆடி நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். அப்புறம் நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேலில் அளக்க வேண்டும். இடது பக்கம் மேலே 13 மி.மீ. அதிகம், வலது பக்கம் 11. 15 இன்ச் ரிம்மின் வெளி விளிம்பு ஏறக்குறைய 416 மி.மீ., அதற்கு 1 டிகிரி என்றால் சுமார் 7 மி.மீ. வரும். அப்படியானால் இடதில் கிட்டத்தட்ட 2 டிகிரி, வலதில் ஒன்றரை.

பிறகு சக்கரங்களின் கோணத்தை அளக்கும் அலைன்மெண்ட் மெஷினில் ஏற்றியபோது இடது 1 டிகிரி 50 மினிட், வலது 1 டிகிரி 30 மினிட் நெகட்டிவ் என்று காட்டியது (60 மினிட் ஒரு டிகிரி). நூலும் குண்டும் சொன்னது சரிதான். கையில் காசில்லாதபோது இந்த முறையை நம்பலாம். கடையில் பிரிண்ட் எடுத்துத் தந்தால் அது சரியா என்று வீட்டில் சரிபார்க்கவும் இதுவே போதும்.

அந்த மெஷின் இருந்த முதல் கடையில் என்ன சொன்னார்கள் என்றால், "கேம்பர் அவுட்டு. பெண்ட் போட்டுத்தான் எடுக்கணும். ஒரு பக்கத்துக்கு 400." பெண்ட் என்றால் ஹைட்ராலிக் கருவியை ஸ்ட்ரட்டில் கவ்வ வைத்து, அழுத்தம் கொடுத்து வளைப்பது. பக்கத்தில் வேறொரு வண்டிக்கு அதைச் செய்துகொண்டிருந்தார்கள். பம்ப் அடிக்க அடிக்க திரையில் எண் மாறிக்கொண்டே வந்து பச்சைக்குள் போய் நின்றது. வண்டிக்காரருக்குத் திருப்தி. எனக்கு அதைப் பார்க்கவே மனது கேட்கவில்லை. ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பரின் உடம்பு. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய் நேராக இருந்தால்தான் சீல் நிற்கும், ஆயில் நிற்கும். அதை வளைத்து டிகிரியைச் சரிசெய்தால் இன்றைக்குப் பச்சை வரும், ஷாக் எத்தனை நாள் தாங்கும் என்று யார் சொல்வது? ஒரு விபத்தில் வளைந்ததை நிமிர்த்துவது வேறு கதை. நேராக இருப்பதை வளைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிண்ட்டுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பிரிண்ட்டை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு எண் கண்ணில் பட்டது. டோ. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா, மூக்கு உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பது. என் வண்டியில் மொத்தம் 40 மினிட் வெளியே, அதாவது ஒரு சக்கரத்துக்கு 20 மினிட். ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சக்கரம் 20 மினிட் திரும்பியபடி ஒரு கிலோமீட்டர் ஓடினால், ஏறக்குறைய 6 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வருகிறது. ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அது அரைக் கிலோமீட்டர். 9,000 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். சிங்காநல்லூரிலிருந்து திருப்பூருக்கு வண்டியைக் குறுக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம். அதுவும் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பதால் அந்த உரசல் முழுக்க உள் ஓரத்தில் விழுகிறது. கேம்பர் எங்கே தேய வேண்டும் என்று இடத்தைக் காட்டியது. தேய்த்தது டோ.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை இழுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பத்தின் பல் மாதிரி கையைப் பிடித்தால் அது டோ கோளாறு. கேம்பர் மட்டும் என்றால் ஒரு ஓரம் தேய்ந்திருக்கும், ஆனால் கை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போகும். என் டயர் கையைப் பிடித்தது. வண்டியை இறக்கினவர் அன்றைக்கே 500 ரூபாய்க்குள் டோவைச் சரிபார்த்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. ஸ்பிரிங் மாற்றினால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் சாய்வும் மாறும், டோவும் மாறியே தீரும்.

நெகட்டிவ் கேம்பர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர்கள் வேண்டுமென்றே அதை வைத்துக்கொள்வார்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் முழுப் பாதத்தையும் தரையில் வைக்க அது உதவும். நான் நாள் முழுக்க நேராகப் போகிறவன். லாரிக்குப் பின்னால் 60-ல் ஊர்ந்து போகிறவனுக்கு 2 டிகிரி தேவையில்லை.

சரி, போல்ட்டுக்கு வருகிறேன்.

ஸ்விஃப்டில் ஸ்ட்ரட்டின் கீழ்ப்பக்கம் இரண்டு போல்ட் போட்டு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடித்திருப்பார்கள். அதில் மேல் போல்ட்டை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய ஒரு போல்ட்டை அந்த இடத்தில் போடுவதுதான் இந்த முறை. போல்ட்டின் தண்டில் ஒரு இடம் மட்டும் ஒரு பக்கமாகப் புடைத்திருக்கும். கையில் வைத்து உருட்டினால் முட்டை உருள்வது மாதிரி ஏறி இறங்கும். துளைக்குள் விட்டுத் திருப்பினால் அந்தப் புடைப்பு நக்கிளின் தலையை வெளியே தள்ளும், அல்லது உள்ளே இழுக்கும். இரண்டு போல்ட்டுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இருந்தால், மேல் போல்ட் 1 மி.மீ. நகர்ந்தாலே சக்கரம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். துளியூண்டு நகர்வுதான், அதற்கே இவ்வளவு.

கடையில் முதலில் கேட்பது, "12-ஆ, 14-ஆ, 16-ஆ?" என்பதுதான், போல்ட்டின் தடிமன் எத்தனை மி.மீ. என்று. மனப்பாடமாகச் சொல்லாதீர்கள், யாரோ சொன்னதையும் நம்ப வேண்டாம். நான் பழைய மேல் போல்ட்டையே கழற்றி, வெர்னியரில் அளந்து, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். போல்ட்டைக் கழற்றினால் வண்டியை எடுக்க முடியாது, அதனால் பேருந்தில்தான் போனேன். காந்திபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒருவர் வரவழைத்துக் கொடுத்தார். ஜோடி 1,650 ரூபாய். பிராண்டு பெயர் என்று எதுவும் இல்லை, பெட்டியில் தைவான் என்று மட்டும் இருந்தது. பெரிய பெயருள்ள வெளிநாட்டு ஜோடி வேண்டுமென்றால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு சொன்னார்.

வாங்குவதற்கு முன் ஒரு நண்பர், "எதுக்கு இவ்ளோ காசு? நம்மூர்ல தெருவுக்கு ஒரு லேத்து இருக்கு, கடைஞ்சு தர்றேன்" என்றார். கோவைக்காரனுக்கு அது இயல்பாக வருகிற யோசனைதான். நல்ல கை அவருக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண ராடில் கடைந்த போல்ட்டை நான் இந்த இடத்தில் போட மாட்டேன். 14 மி.மீ. துளையில் 12 மி.மீ. போல்ட் போட்டால் குறுக்குப் பரப்பு கால் பங்குக்கு மேல் குறைகிறது. அந்தக் குறையை உலோகத்தின் பலம் ஈடுகட்ட வேண்டும். நான் வாங்கினதில் தலையில் 12.9 என்று அச்சு இருக்கிறது. புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அது எவ்வளவு இழுவை தாங்கும் என்று மெகாபாஸ்கலில் வரும், 1,200. 8.8 என்று இருந்தால் 800. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இன்னும் சிலர் ஸ்ட்ரட் துளையை அரத்தால் ராவி நீள்வட்டமாக்குவார்கள். செலவே இல்லை. ஆனால் அதில் நிலையைப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது, ஒரு பெரிய குழியில் விழுந்தால் வைத்த டிகிரி போய்விடும். ஸ்ட்ரட்டும் பாழ்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் இடது பக்கப் பழைய நட்டோடு போராடியதில் போனது. துருப்பிடித்து இறுகியிருந்தது. முந்தின நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைத்துவிடுவது நல்லது. கவனிக்க வேண்டியவை என்று பார்த்தால், பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். இருந்தால் அதன் ஒயரையும் முதலில் கிளிப்பிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள், நக்கிள் சாயும்போது இழுபடும். கீழ் போல்ட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம், லூஸ் செய்தால் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு கேம்பர் போல்ட்தான், மேல் துளையில் மட்டும். போல்ட் தலையில் இருக்கும் அம்புக்குறி புடைப்பு எந்தப் பக்கம் என்று காட்டும், அது இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கும்படி வைத்துத் தற்காலிகமாக இறுக்கினேன். புது மரையில் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். தடவினால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சொல்கிற எண் ஒன்று, போல்ட் வாங்குகிற இறுக்கம் வேறொன்று. இறுக்கும் அளவு பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருப்பதுதான், வண்டியின் ஒரிஜினல் போல்ட்டுக்கு உள்ள அளவை இதற்குப் போடக்கூடாது.

இந்த இணைப்பு நிற்பது போல்ட் குறுக்கே தடுப்பதால் அல்ல, ஸ்ட்ரட்டின் இரண்டு தகடும் நக்கிளை இறுகக் கவ்விப் பிடிப்பதால்தான். அதனால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நான் பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டேன்.

அடுத்து அலைன்மெண்ட். இதற்கு முதல் கடைக்குப் போகவில்லை. பஞ்சர் கடைப் பையன் சொல்லித்தான் பல்லடம் ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அண்ணன் ஒருவர், கூட ஒரு உதவியாள், ஒரே ஒரு பிட். பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன், "வேண்டாங்க, ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்றுவிட்டார். அதனால் பெயர் எழுதவில்லை. அவர் செய்த விதத்தை எழுதுகிறேன், உங்கள் ஊரில் அப்படிச் செய்கிறவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பிட்டில் ஏற்றியதும் அவர் மெஷின் பக்கமே போகவில்லை. நான்கு டயரிலும் காற்று பார்த்தார். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பிறகு இடமும் வலமும். "பால் ஜாயிண்ட் ஆடுச்சுன்னா நான் என்ன வெச்சாலும் நிக்காதுங்க" என்றார். வலது டை ராட் எண்ட் லேசாக ஆடியது. அதை மாற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாற்றிவிட்டுப் போனேன். அப்போதும் முதலில் ஒரு கேள்வி: "தனியாத்தான் ஓட்டுவீங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப ஏறி உக்காருங்க." என் எடை டிரைவர் சீட்டில் இருக்கும்படி வைத்துத்தான் அளந்தார். அலைன்மெண்ட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை.

கேம்பரை முதலில் வைத்தார், டோ கடைசியில். அந்த வரிசை மாறக்கூடாது, ஏனென்றால் கேம்பரை அசைத்தால் டோ கலைந்துவிடும். வண்டியை லேசாகத் தூக்கி, சக்கரத்தின் எடையை எடுத்துவிட்டு, உதவியாள் டயரின் தலையை வெளியே இழுத்துப் பிடிக்க, இவர் கேம்பர் போல்ட்டின் தலையைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினார். கீழே இறக்கி, பானட்டை இரண்டு முறை அமுக்கி விட்டு, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு திரையைப் பார்த்தார். இடது பக்கம் மட்டும் மூன்று தடவை இதைச் செய்தார். கடைசியில் இடது 40 மினிட் நெகட்டிவ், வலது 45 மினிட் நெகட்டிவ். பூஜ்யத்துக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார், வளைவுக்குக் கொஞ்சம் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பிறகு ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, டோவை இரண்டு பக்கமும் சமமாகப் பூஜ்யத்துக்கு வைத்தார். போல்ட் தலை, வாஷர், ஸ்ட்ரட் மூன்றுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு உடைஞ்சா உடனே வாங்க. 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை இறுக்கிப் பாருங்க." முழு வேலைக்கும் 900 ரூபாய் வாங்கினார். அந்த உழைப்புக்கு அது குறைவுதான்.

இப்போது 15,000 கிலோமீட்டர் ஆகிறது. முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டேன், தேய்மானம் பார்க்க வேண்டும் என்பதற்காக இடம் மாற்றாமல் வைத்திருக்கிறேன். புதிதில் பட்டன் ஆழம் 8 மி.மீ. இன்று காலை இடது டயரில் அளந்தேன்: வெளியே 5.9, நடுவில் 5.8, உள்ளே 5.6. வலதில் மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கையை எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடிக்கவில்லை. டயர் மாற்ற வேண்டும் என்று காட்டும் 1.6 மி.மீ. எச்சரிக்கைக் கட்டை வரும்வரை இன்னும் நெடுந்தூரம் போகலாம். ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் என்றால், ரோட்டின் தடத்துக்கேற்ப ஸ்டியரிங் அங்கேயும் இங்கேயும் இழுப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. மழையில் பிரேக் பிடித்தால் முன்பைவிட நம்பிக்கையாக நிற்கிறது.

குறையும் உண்டு. ஐந்து மாதம் போல ஆனபோது இருகூர் பிரிவு தாண்டி, மழைத்தண்ணீர் மூடியிருந்த ஒரு குழியில் இடது சக்கரம் இறங்கி ஏறியது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைக் கோடு ஒரு மயிரிழை உடைந்திருந்தது. மெஷினில் பார்த்தால் 40 மினிட்டாக இருந்த கேம்பர் 55 மினிட் ஆகியிருந்தது. வாஷரில் ஸ்ட்ரட்டின் விளிம்பில் உட்கார வேண்டிய ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அது லேசாக மடங்கியிருந்தது. அந்த நாக்கு இன்னும் தடிமனாக இருந்திருக்க வேண்டும். 1,650 ரூபாய்க்கு எங்கே குறைத்திருக்கிறார்கள் என்றால் இங்கேதான். வாஷரை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், மடங்கினதை நிமிர்த்தாமல் புது ஜோடியே வாங்கி இடது பக்கத்துக்குப் போட்டேன், மறுபடியும் அலைன்மெண்ட். அதற்குப் பிறகு நகரவில்லை. முலாமும் ஒரு மழைக்காலம்தான் தாங்கியது, மஞ்சள் நிறம் போய்த் துரு லேசாகத் தெரிகிறது. மரை மறைந்திருப்பதால் இதுவரை பாதகமில்லை.

எல்லா வண்டிக்கும் இது ஆகாது. ஸ்ட்ரட்டை இரண்டு போல்ட்டால் பிடித்திருந்தால்தான் இது. ஃபோர்ட் ஃபிகோ மாதிரி ஸ்ட்ரட் நக்கிளுக்குள் இறங்கி ஒற்றைப் போல்ட்டால் கவ்வியிருந்தால் இந்த வழியே கிடையாது. 2006-ல் வந்த ஹோண்டா சிவிக்கை இறக்கியவர்களுக்கு பின் சக்கரமும் உள்ளே சாயும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் தேவைப்படும், செலவு வேறு லெவல். அதேபோல 60, 70 மி.மீ. இறக்கி 3 டிகிரி சாய்ந்து நிற்கும் வண்டிக்கு இந்தப் போல்ட் முழுசாகப் போதாது. என்னுடையதில் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் திருத்த வேண்டியிருந்தது, அதற்கு இது அளவெடுத்த மாதிரி. ஸ்ட்ரட்டின் தலையில் மாட்டி கேம்பரை மாற்றும் கேம்பர் பிளேட்டும் விசாரித்தேன். பத்தாயிரத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை, ரப்பர் மௌண்ட் போய் இரும்பு பேரிங் வருவதால் நம்மூர் ரோட்டில் ஒவ்வொரு குழியும் காதுக்குள் கேட்கும் என்றார்கள். தினசரி ஓட்டும் வண்டிக்கு எனக்கு அது வேண்டாம்.

செலவைப் பார்த்தால்: முதல் ஜோடி 1,650, இரண்டாவது ஜோடியும் அதே 1,650, முதல் அலைன்மெண்ட் 900, அடுத்தது 500. டை ராட் எண்ட் தனி, அது எப்படியும் மாற்ற வேண்டியது. முன் டயர் ஜோடி பத்தாயிரத்துக்குப் பக்கம் ஆனது, அந்தப் பணம் போல்ட்டுக்கு முன்னால் போன பணம். கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் போல்ட்டை விட்டுவிடுங்கள், டோவை மட்டும் நேர்மையான ஒருவரிடம் பூஜ்யத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டிகிரி கேம்பரோடு டயர் பல மாதம் ஓடும். டோ தப்பாக இருந்தால் ஓடாது. அப்புறம் பணம் சேர்ந்ததும் போல்ட் வாங்கலாம்.

இரண்டாவது ஜோடியில் மிஞ்சிய ஒரு போல்ட்டையும் வண்டியோடு வந்த பழைய மேல் போல்ட் இரண்டையும் நட்டோடு சேர்த்து ஒரு பழைய துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு சின்ன டார்ச். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது குனிந்து அந்த வெள்ளைக் கோட்டையும் டயரின் உள்பக்கத்தையும் பார்க்கிறேன். சூலூர் பக்கம் போனால் அந்தப் பையனின் கடையில் நிறுத்தி, காற்று சரியாக இருந்தாலும் ஒரு தடவை அடித்துக்கொண்டுதான் வருகிறேன்.